நெட்டி முறித்த பருவம்

ஊசிப்பாறைத் தோட்டத்துக்கு ரக்பி வந்த வருஷம் மழை முன்கூட்டியே வந்தது, கொழுந்து மண்டிக்கொண்டு வந்தது, கொழும்பிலிருந்து கம்பெனிக்காரர்களும் வந்தார்கள். மழையும் கொழுந்தும் எங்களுக்குப் பழக்கம். கம்பெனிக்காரர்கள் காரை விட்டு இறங்கி, தேயிலை அரைக்கிற ஸ்டோருக்குப் பின்னால், வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் குதிரை மேய்ந்து, பிறகு மாடு மேய்ந்து, பிறகு எதுவுமே மேயாமல் கிடந்த மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, இங்கே ஒரு புதுக் கிளப் தொடங்கப்போகிறோம், தோட்டத்துப் பையன்களே ஆடப்போகிறார்கள், பெயர் ஊசிப்பாறைப் பதின்மூவர் என்று சொன்னபோது, காலையில் பேர் பதிகிற பெரட்டுக்குக் கூடையோடு வரிசையில் நின்ற எங்களுக்கு, யார் செலவில் இந்தக் கூத்து என்றுதான் முதலில் தோன்றியது.

ரக்பியிலும் இது ரக்பி லீக் என்று தனி வகையாம். பக்கத்துக்குப் பதின்மூன்று பேர். பந்தோடு ஓடுகிறவனை எதிராளிகள் கட்டிப்பிடித்து மண்ணில் சாய்ப்பார்கள், அவன் எழுந்து பந்தைக் காலால் பின்னுக்குத் தட்டிவிட, இன்னொருவன் எடுத்துக்கொண்டு ஓடுவான், அவனையும் சாய்ப்பார்கள், இப்படி ஆறு தடவை சாய்த்துவிட்டால் பந்து எதிராளிக்குப் போய்விடும். இதை எல்லாம் கேட்டுவிட்டுப் பரமேஸக்கா, "அப்ப விழுறதுதான் வெளையாட்டா?" என்றாள். ஆமாம், விழுவதுதான் விளையாட்டு. யார் விழப்போகிறார்கள் என்பது மட்டும் அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

சீசன் முடிவில் கோப்பையை வாங்கினால் லயத்தை இடித்துத் தனி வீடு கட்டித் தருவதாகத் தோட்டத்து மேனேஜர் துரை சொன்னார். லயம் என்றால் ஒரே நீளக் கூரை, இடையில் சுவர்கள், குடும்பத்துக்கு ஓர் அறை. பக்கத்து அறையில் ஒருவர் புரண்டு படுத்தால் இந்தப் பக்கம் அடுப்புச் சட்டி ஆடும். தனி வீடு என்ற சொல்லை எங்கள் தோட்டத்தில் எலெக்‌ஷனுக்கு எலெக்‌ஷன் கேட்டிருக்கிறோம், ஆனால் துரை வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை. அதனால் பையன்கள் ஆடப் போனார்கள். சொல்லிவிடுகிறேன், நான் இதைச் சொல்லிக்கொண்டிருப்பதும் அதே லயத்தில் உட்கார்ந்துதான்.

பரமேஸக்காவை இங்கே சொல்லிவிட வேண்டும். பரமேஸ்வரி என்று பெயர். கல்யாணம் செய்துகொள்ளாமல், தாய் தகப்பன் போன பிறகு தம்பி லோகநாதனைக் கொழுந்துக் கூடையில் போட்டே வளர்த்தவள். லோகுவின் மனைவி குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்குப் போயிருந்தாள். அவர்களுடைய ஐந்து வயது மகள் தனுஷிகாவையும் பரமேஸக்காதான் வளர்த்தாள். லோகு ஒல்லி, ஆனால் மலையில் மான் மாதிரி ஓடுவான். சாமான் ஏற்றுகிற லொறியைத் துரத்திப் பிடித்துத் தொங்கிப் பள்ளிக்கூடம் போனவன், பந்தைக் கையில் கொடுத்தால் கேட்கவா வேண்டும்.

முதல் ஆட்டத்தன்று காலையில் எல்லா வீட்டு வாசலிலும் ஒன்றே நடந்தது. நல்ல காரியத்துக்குப் போகிற பிள்ளையை நிற்க வைத்து, அம்மாவோ அக்காவோ இரண்டு கையாலும் அவன் முகத்தை வழித்து, விரல்களை மடக்கித் தன் நெற்றிப்பொட்டில் வைத்து நெட்டி முறிப்பது எங்கள் வழக்கம். படபடவென்று விரல் முறிகிற சத்தத்தில் பிள்ளைமேல் விழுந்த கண்ணெல்லாம் முறிந்துபோகும். "ஒனக்கு வர்றதெல்லாம் எனக்கு வரட்டும்டா," என்று பரமேஸக்கா லோகுவின் முகத்தை வழித்தாள். முன்வரிசையில் ஆடுகிற சன்னாசிக்கு, அந்த மலையளவு உடம்புக்கு, அவன் அம்மா மருதாயி அக்கா பெட்டிமேல் ஏறி நின்று வழித்தாள். ஆட்டத்தில் இறங்கிய என் வீட்டுக்காரருக்குத் தாய் இல்லை, அதனால் நானே முறித்தேன். பிள்ளைக்குச் சொல்கிற சொல்தான், பரம்பரையாகச் சொல்வதுதான். அன்றைக்கு அதை எது காது கொடுத்துக் கேட்டது என்று இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை, கண்டுபிடிக்க யாரும் மெனக்கெடவும் இல்லை.

ஆட்டம் கீழே மைதானத்தில், நாங்கள் மேலே மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தோம். விசில் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் என் பக்கத்து நிரையில் இருந்த மருதாயி அக்கா, முதுகில் கூடையோடு, யாரோ தூக்கி எறிந்ததுபோலப் பக்கவாட்டில் பறந்துபோய்த் தேயிலைச் செடிமேல் விழுந்தாள். அவள் எழுவதற்குள் இன்னொருத்தி, அவளுக்கு அப்பால் இன்னொருத்தி. "கொளவிடீ!" என்று யாரோ கத்தினார்கள். எங்கள் மலையில் திடீரென்று ஆள் அலறி விழுந்தால் அது குளவிதான். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்த்துத் தலையில் போட்டுக்கொண்டு குனிந்து ஓடினோம். ஓடும்போது என் இடது தோளில் ஒரு ஆள் வந்து மோதினான். ஆளைக் காணோம், மோதல் மட்டும் இருந்தது. நான் தண்ணீர் ஓடுகிற கானுக்குள் விழுந்து, வாயில் மண்ணோடு, குளவிக்கு இவ்வளவு பெரிய தோள் ஏது என்று யோசித்தது நினைவிருக்கிறது.

கீழே பையன்கள் சிரித்துக்கொண்டே ஜெயித்தார்கள். எத்தனை பேர் சேர்ந்து சாய்த்தாலும் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. மாலையில் சத்தம் போட்டுப் பாடிக்கொண்டு லயத்துக்கு வந்தவர்கள், வாசல்தோறும் பெண்கள் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார்கள். யார் எங்கே அடி வாங்கினான், யாருக்கு எங்கே வீங்கியிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க அதிக நேரம் ஆகவில்லை. சன்னாசியைத் தலைகீழாகத் தூக்கிப் போட்டிருந்தார்கள். மருதாயி அக்காவுக்குக் கழுத்தைத் திருப்ப முடியவில்லை.

இப்படி ஒன்று நடந்தால் ஊர் என்ன செய்யும் என்று நீங்கள் நினைக்கலாம். நாங்கள் அடுத்த நாள் வேலைக்குப் போனோம். டிஸ்பென்சரி ஐயா வந்தவர்களுக்கெல்லாம் ஒரே வெள்ளை மாத்திரையைக் கொடுத்து, மலையில் வழுக்கி விழுந்தது என்று எழுதினார். யூனியன் தலைவர் வந்து, ஆட்ட நாளில் அடி வாங்குகிற பெண்களுக்கு அரைப் பேராவது போட வேண்டும் என்று ஆபீஸ் வாசலில் நின்று கோஷம் போட்டார். துரை யோசித்து, கொழும்புக்கு போன் பேசி, அரைப் பேர் போடச் சம்மதித்தார். அன்றைக்கு நாங்கள் பட்டாசு வெடித்தோம். அரை நாள் வேலை செய்ததாகக் கணக்கில் ஏறுவது சின்ன விஷயமா? செடிக்குள் விழுந்தால் கவாத்து வெட்டிய கட்டை குத்துகிறது என்று முறையிட்டதும், ஆட்ட நாட்களில் பிள்ளைக்காம்பராவை எங்களுக்குத் திறந்துவிட்டார்கள். வேலைக்குப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகிற நீள அறை அது. தொட்டில்களை ஓரம் தள்ளி, தரையில் தேயிலைச் சாக்கு விரித்து, ஆளுக்கு ஒரு சாக்கில் உட்கார்ந்து விசிலுக்குக் காத்திருந்தோம். அம்மாமார் சுவரில் போய் மோதுவதைப் பார்த்துச் சின்னதுகள் அழுததால், பிள்ளைகளை மேல் லயத்தில் என் மூத்த மகளிடம் விட்டுவந்தோம்.

கோச் ஜயவீர சிங்களவர், பழைய ஆட்டக்காரர், நல்ல மனிதர் என்றுதான் சொல்ல வேண்டும். ஒருநாள் பிள்ளைக்காம்பராவுக்கு வந்து எங்களைப் பார்த்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு, "அம்மாமார், நீங்க விழுற எல்லாம் பிழை," என்றார். "தாடை நெஞ்சிலே ஒட்டணும். மூச்சு வெளியே விடணும். கை ஊணக் கூடாது, ஒடையும்." புதன்கிழமை தோறும் வேலை விட்டு வந்து, கூடையைக் கழற்றி வைத்து, விழப் பழகினோம். வாயில் துண்டைக் கடித்துக்கொள்ளவும் அவரே சொல்லிக்கொடுத்தார், இல்லாவிட்டால் நாக்குப் போய்விடும். பையன்களுக்கு அவர் விழுவதற்குச் சொல்லித் தருவதை நிறுத்திவிட்டார், அவர்களுக்கு அது தேவைப்படவில்லை.

ஒழுங்குகளும் தானாகவே வந்தன. வயிற்றுப் பிள்ளைக்காரி நெட்டி முறிக்கக் கூடாது. ஒருவனுக்கு இரண்டு பேர் முறித்தால் அடி கடைசியாக முறித்தவளுக்குத்தான் போகும். இதை ஒரு தாயும் மகளும் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். விரலில் சத்தம் வராவிட்டால் சேராது. பெண் கேட்டு வருகிறவர்களிடம் பெண் வீட்டார் சாதகம் கேட்பதற்கு முன்னால், மாப்பிள்ளை எந்த இடத்தில் ஆடுகிறார் என்று கேட்டார்கள். ஓரத்தில் ஓடுகிறவன் என்றால் பேச்சு நடந்தது, முன்வரிசை என்றால் வெற்றிலைத் தட்டு வந்த வழியே திரும்பிப் போனது. பிள்ளைகள் பழைய விளையாட்டுகளை விட்டுவிட்டு, ஒன்று நெட்டி முறிப்பதும், இன்னொன்றைப் பிடித்துத் தள்ளுவதும், முறித்தது அலறிக்கொண்டு விழுவதுமாக வாசலில் விளையாடின. நாங்கள் அதைப் பார்த்துச் சிரித்தோம், கோயில் திருவிழா முடிந்த மறுநாள் அதுகள் சாமியாடி விளையாடுவதில்லையா, அப்படித்தான் என்று நினைத்தோம்.

ஆண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் மாதம் அவர்களால் எங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. என் வீட்டுக்காரர் விறகு பொறுக்கி வந்து, அடுப்பு மூட்டி, எனக்கு ரொட்டி சுட்டுத் தந்தார், கருகல்தான், ஆனாலும் சுட்டார். "வலிச்சுச்சா புள்ள?" என்று கேட்டார். இரண்டாம் மாதம் கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் வெளியே போனார். மூன்றாம் மாதம் கேட்கவில்லை. வலி இல்லாத உடம்பு அவர்களுக்குக் கள் மாதிரி ஏறிவிட்டது. சன்னாசி, நேராக ஓட வழி இருந்தாலும், மூன்று பேர் நிற்கிற இடமாகப் பார்த்துப் போய் மோதினான். கூட்டம் அவன் பெயரைச் சொல்லிக் கத்தியது. பிள்ளைக்காம்பராவில் மருதாயி அக்கா சாக்கை விட்டு எழும்பிக் கூரைக் கம்பு வரை போய் வந்தாள்.

லோகு ஒருத்தன்தான் வேறு மாதிரி ஆடினான். அவன் மேல் ஒரு கை பட்டால் அது அக்கா மேல் படுகிறது என்று அவனால் மறக்க முடியவில்லை. அதனால் தொட விடாமல் ஓடினான். வளைந்தான், நெளிந்தான், குனிந்தான், நின்று திரும்பினான், ஆட்கள் காற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விழுந்தார்கள். இந்த மாதிரி ஓட்டக்காரனைக் கொழும்பிலும் பார்த்ததில்லை என்று கம்பெனிக்காரர்கள் மெச்சினார்கள். அது திறமை இல்லை, பயம். பரமேஸக்காவுக்கு மட்டும் அது தெரியும். "எங்க தம்பி இன்னைக்கி என்னை ரெண்டு தடவதான் விழ வச்சான்," என்று எங்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

நடுவில் ஒரு தடவை நாங்கள் நிறுத்திப் பார்த்தோம். ஒரு ஆட்டத்துக்கு யாரும் நெட்டி முறிக்கவில்லை. பையன்கள் சொந்த உடம்போடு இறங்கினார்கள், இடைவேளைக்குள் ஒருவனுக்குக் கால் முறிந்தது, இன்னொருவன் ரத்த வாந்தி எடுத்தான், சன்னாசி முதல் அடியிலேயே அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டு படுத்துவிட்டான். அவமானமாகத் தோற்றோம். மறுநாள் பெரட்டில் துரை, இன்னும் ஒரு தோல்வி என்றால் வீட்டுப் பேச்சை மறந்துவிடுங்கள் என்றார். கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். அடுத்த ஆட்டத்துக்கு முதல் ஆளாக வந்து பிள்ளையின் முகத்தை வழித்தவள் மருதாயி அக்காதான். "எனக்கில்லாட்டியும் எம்பேரப் புள்ளைகளுக்கு ஒரு ஜன்னல் வேணும்ல," என்றாள்.

அந்த ஆட்டத்தில்தான் அவள் செத்தாள். நாலு பேர் சேர்ந்து சன்னாசியைத் தூக்கிக் கழுத்தில் இறக்கினார்கள். அவன் எழுந்து, பந்தைப் பின்னுக்குத் தட்டிவிட்டு, கூட்டத்தைப் பார்த்துக் கையை உயர்த்தினான். மருதாயி அக்கா தாடையை நெஞ்சில் ஒட்டித்தான் வைத்திருந்தாள், கோச் சொன்னபடி எல்லாம் சரியாகத்தான் செய்தாள். சாவு வீட்டில் தப்பு அடித்தார்கள், கிளப் கொடியைப் போர்த்தினார்கள், அரைப் பேருக்குப் பதிலாக முழுப் பேர் போட்டார்கள். அடுத்த சனிக்கிழமை சன்னாசி ஒவ்வொரு லயமாகப் போய், அத்தனை பெரிய உடம்பைக் குனிந்து, முகத்தை நீட்டிக்கொண்டு வாசல் வாசலாக நின்றான். யாரும் வரவில்லை. கடைசியில் டவுனில் கட்டிக்கொடுத்திருந்த அவன் தங்கச்சி பஸ்ஸில் வந்து இறங்கினாள். அவள் விரல் முறிந்த சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அன்றைக்கும் ஜெயித்தோம்.

இப்படியே ஜெயித்து ஜெயித்துக் கடைசி ஆட்டத்துக்கு வந்தோம். எங்கள் மைதானத்திலேயே ஆட்டம். எதிரணி தலைநகரத்திலிருந்து வந்த பெரிய ஆட்கள், கதவு நிலையைக் கழற்றி நட்டு வைத்ததுபோல இருந்தார்கள். ஸ்டோரில் ஒலிபெருக்கி கட்டினார்கள், துரை பந்தல் போட்டார், வீட்டுத் திட்டத்தின் படம் ஒன்றைப் பெரிதாக அச்சடித்துப் பந்தலில் மாட்டியிருந்தார்கள். படத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஜன்னல் இருந்தது.

அன்று காலையில் லோகுவின் வாசலில் நானும் இருந்தேன். பரமேஸக்கா தம்பியின் முகத்தை வழித்துப் பத்து விரலையும் முறித்தாள். கதவோரம் தூக்கக் கலக்கத்தோடு நின்ற தனுஷிகா, "நானும் நானும்," என்று ஓடி வந்தது. லோகு அதைத் தூக்கினான். அது தகப்பனின் முகத்தை இரண்டு குட்டிக் கையாலும் வழித்து, அத்தை செய்வதுபோலவே கண்ணை இறுக்கி மூடி, விரலை மடக்கிப் பொட்டில் வைத்து அழுத்தியது. அந்த நேரம் ஸ்டோர்ச் சங்கு ஊதியது. ஐந்து வயசு விரலில் எலும்பே பழுத்திருக்காது, சத்தம் எங்கே வரும் என்று நாங்கள் சிரித்தோம். லோகு அதன் கன்னத்தில் முத்தம் கொடுத்து என் மகளிடம் விட்டுவிட்டு இறங்கிப் போனான்.

பிள்ளைக்காம்பராவில் நாங்கள் சாக்கில் உட்கார்ந்தோம், துண்டைக் கடித்தோம். ஆட்டத்தை நாங்கள் பார்ப்பதில்லை, எங்களுக்கு அது உடம்பிலேயே வரும். ஒலிபெருக்கிக்காரன் பெயரைச் சொல்வதற்குள் அவனுடைய ஆள் இங்கே விழுந்திருப்பாள். சன்னாசியின் தங்கச்சி இரண்டு தடவை போனாள். நான் ஒரு தடவை போய்த் தொட்டிலில் இடித்துக்கொண்டேன். முதல் பாதி முக்கால்வாசி முடிந்திருக்கும், ஒலிபெருக்கிக்காரன் திடீரென்று ஓவென்று கத்தினான். "லோகநாதன்! லோகநாதன் மாட்டிக்கொண்டார்! அப்பப்பா, நெஞ்சிலேயே ஒரு இடி! இந்த சீசனிலேயே இப்படி ஒரு இடியைப் பார்த்ததில்லை!"

நாங்கள் எல்லோரும் பரமேஸக்காவைப் பார்த்தோம். அவள் துண்டைக் கடித்தபடி, தாடையை ஒட்டி, கண்ணை மூடிக் காத்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. கண்ணைத் திறந்தாள். துண்டை எடுத்தாள்.

"எனக்கு வரலியேடி," என்றாள்.

அவள் தன் நெஞ்சைத் தடவிப் பார்த்தாள், விலாவைத் தடவிப் பார்த்தாள், பிறகு தன் விரல்களைப் பார்த்தாள். அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். "அந்தச் சங்கு," என்றாள். "அந்தச் சங்கு சத்தத்துல…" எழுந்து ஓடினாள். வீட்டுக்கு ஓடவில்லை, மைதானத்துக்கு ஓடினாள். அடுத்த அடி விழாமல் தடுக்க வேண்டும் அல்லவா, அதுதான் முதலில்.

மைதானத்தில் லோகுவை அடிபட்ட இடத்திலிருந்து எழுப்பிவிட்டிருந்தார்கள். அவனுக்கு எப்போதும்போல ஒன்றும் வலிக்கவில்லை. அக்காவை நினைத்துத்தான் அவன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றானாம். பந்து கைமாறி கைமாறி மறுபடி அவனிடம் வந்தபோது, கோட்டுக்கு வெளியே, படங்குச் சாக்கோடு, தலைமுடி அவிழ்ந்து, அக்கா நிற்பதைப் பார்த்தான். நேராக நின்றாள். அந்த அடி வாங்கியவள் அப்படி நிற்க முடியாது. அவள் ஒரு கையை உயர்த்தி, விரலை மடக்கித் தன் பொட்டில் வைத்துக் காட்டி, பிறகு அந்தக் கையைத் தன் இடுப்பு உயரத்துக்கு இறக்கிக் காட்டினாள். அவ்வளவு உயரம்தான் தனுஷிகா.

அவனை நோக்கி இரண்டு பேர் வந்துகொண்டிருந்தார்கள். பந்தைக் கீழே போட்டாலும் அவர்கள் வந்த வேகத்துக்கு இடிக்காமல் நிற்க மாட்டார்கள். லோகு ஓடினான். அந்த ஓட்டத்தைப் பற்றி எங்கள் தோட்டத்தில் இன்றைக்கும் பேசுகிறார்கள், பார்க்காதவர்களும் பார்த்ததாகப் பேசுகிறார்கள். முதல் ஆளின் கைக்கு அடியில் புகுந்தான், இரண்டாவது ஆளுக்கு முன்னால் நின்று அவனைப் போகவிட்டான், மூன்றாவது ஆள் சட்டையைப் பிடிக்க நீட்டிய கை காற்றைப் பிடித்தது. ஒருவர் விரலும் அவன் மேல் படவில்லை. எதிரணியின் கோட்டைத் தாண்டினான். பந்தை மண்ணில் வைத்தால் புள்ளி, அதோடு ஆட்டம் எங்கள் பக்கம். "வைடா! பந்த வைடா!" என்று கூட்டமே எழுந்து நின்று கத்தியது, துரை கத்தினார், சன்னாசி கத்தினான், என் வீட்டுக்காரர் தொண்டை கிழியக் கத்தினாராம். லோகு வைக்கவில்லை. நிற்கவும் இல்லை. கம்பங்களுக்கு நடுவில் புகுந்து, பந்தலைச் சுற்றி, மைதானத்தை விட்டு வெளியேறி, மேல் லயத்துக்குப் போகிற மலைப்படியில் ஏறினான்.

அந்தப் படியைச் சின்ன வயசிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு ஏறி இறங்கியவன், எத்தனையோ தடவை விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டு சிரித்தவன். இன்றைக்கு அவன் விழக் கூடாது. கால் விரல் கல்லில் இடிக்கக் கூடாது. தேயிலைக் கிளை கன்னத்தில் கீறக் கூடாது. ஓட வேண்டும், ஆனால் தலையில் நிறைகுடம் வைத்தவளைப் போல ஓட வேண்டும். பாசி பிடித்த கல்லை எல்லாம் தாண்டி, கிளைகளைக் கையால் விலக்காமல் உடம்பை ஒடுக்கி, தனக்கு வலிக்காத ஒரு உடம்பை ஒரு கண்ணாடிச் சாமானைத் தூக்கிக்கொண்டு போவதுபோல அவன் தூக்கிக்கொண்டு போனான். பந்து கக்கத்திலேயே இருந்தது, அதைப் போட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

என் மகள் வாசற்படியில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விளையாடிக்கொண்டிருந்தது, திடீரென்று பறந்துபோய்ச் சுவரில் விழுந்தது என்று திக்கித் திக்கிச் சொன்னாள். தனுஷிகாவின் உதட்டோரத்தில் ரத்தம். சின்ன நெஞ்சில் ஒரு பெரிய ஆளின் தோள் அகலத்துக்கு நீலம் பாரித்திருந்தது, அந்த நெஞ்சு அவ்வளவு அகலம் இல்லாததால் அது கழுத்துக்கும் வயிற்றுக்கும் வழிந்திருந்தது. மூச்சு விட்டுவிட்டு வந்தது. தகப்பனைப் பார்த்ததும் கண் கொஞ்சம் திறந்தது.

"சத்தம் வந்துச்சுப்பா," என்றது. "ஒரு வெரல்ல."

லோகு பந்தைப் படியில் வைத்தான். மண்டி போட்டு உட்கார்ந்தான். எங்கள் தோட்டத்தில் ஆண்பிள்ளை யாரும் நெட்டி முறித்து நாங்கள் பார்த்ததில்லை. கூடாது என்று யாரும் சொல்லவில்லை, செய்ய வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். அவன் இரண்டு கையாலும் மகளின் முகத்தை உச்சியிலிருந்து தாடை வரை வழித்தான். "ஒனக்கு வந்ததெல்லாம் எனக்கு வரட்டும்மா," என்றான். விரல்களை மடக்கிப் பொட்டில் வைத்து அழுத்தினான். பத்தும் முறிந்தன.

என் மகள் சொன்னாள், அவன் போட்ட சத்தத்தில் கூரைத் தகரத்தில் இருந்த காக்கைகள் எல்லாம் பறந்துபோயினவாம். அந்த அடி அவனுடைய அடி, அவனுடைய அளவுக்குத் தைத்த சட்டையைப் போல அவனிடம் வந்து சேர்ந்தது. நெஞ்செலும்பு பெயர்ந்து, படியில் சாய்ந்து, மூச்சு இழுக்க முடியாமல் கிடந்தான். பிள்ளையின் நெஞ்சில் நீலம் வடிந்து, நிறம் திரும்பி, அது எழுந்து உட்கார்ந்து தகப்பனை ஆச்சரியமாகப் பார்த்தது. அந்த சீசன் முழுக்க நாங்கள் எதைச் சுமந்தோம் என்று எங்கள் ஆண்களில் ஒருவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

பரமேஸக்கா அப்போதுதான் படியேறி மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். பிள்ளை உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள், தம்பி கிடப்பதைப் பார்த்தாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து, யோசிக்காமல், காலையில் எழுந்ததும் அடுப்புப் பக்கம் கை போவதுபோல, அவன் முகத்தை வழிக்க இரண்டு கையையும் கொண்டுபோனாள்.

லோகு அவளுடைய இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டான்.

"விடுடா," என்றாள்.

"வேணாக்கா."

"விடுடா தம்பி. எனக்குப் பழகிருச்சுடா."

அவன் விடவில்லை. அவள் இழுத்தாள், திமிறினாள், அழுதாள், கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினாள். உடைந்த நெஞ்சோடு, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகிக்கொண்டு, அவன் அந்தக் கைகளைப் பிடித்தபடியே கிடந்தான். அந்த சீசன் முழுக்க அவன் மைதானத்தில் யாரையும் அவ்வளவு இறுக்கிப் பிடித்ததில்லை.

கீழே இடைவேளை முடிந்தது. லோகு போன இடத்துக்கு வேறொரு பையனை இறக்கினார்கள். அவனுடைய அம்மா அவன் முகத்தை வழித்து முறித்துவிட்டுப் பிள்ளைக்காம்பராவுக்குள் வந்து, எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்று, பரமேஸக்கா விட்டுப்போன சாக்கில் உட்கார்ந்தாள். தாடையை எப்படி ஒட்டிக்கொள்வது என்று நான் அவளுக்குக் காட்டிக் கொடுத்தேன். இரண்டாம் பாதிக்கு விசில் ஊதியது. நான் துண்டை எடுத்துக் கடித்துக்கொண்டேன்.